மூச்சுக்கு விலையா?

நாட்பட்ட நுரையீரல் நோயாளியின் உடம்பிலிருந்தே 'ஸ்டெம் செல்' என்னும் மூல உயிரணுவை எடுத்துத் திரும்ப ஏற்றினால் மூச்சுத் திணறல் தீருமென்று சொல்லி, அமெரிக்காவில் சில வைத்திய நிலையங்கள் ஆயிரக்கணக்கான டாலர் வாங்கியிருக்கின்றன. ருஜு எங்கே என்றால், குணமானதாகச் சொல்லும் இரண்டொருவரைக் காட்டுகிறார்கள். சந்தையில் லேகியம் விற்பவனும் இதைத்தானே காட்டுகிறான்!

அந்நாட்டிலேயே 62 நோயாளிகளில் சிலருக்குப் பிறர் எலும்பு மஜ்ஜையின் உயிரணுவும், மற்றவர்க்குப் போலி மருந்தும், எது யாருக்கென்று தெரியாதபடி ஏற்றிச் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வெளியாயிற்று. பெருங்கேடு இல்லை, ஆனால் மூச்சுத் திறனில் வித்தியாசமும் இல்லை.

எங்கள் உயிரணு வேறு என்பார்களானால், அதையும் இவ்விதமே சோதித்துக் காட்டட்டும். ஆராய்ச்சியை நாம் வெறுக்கவில்லை. தோழர்களே, நாம் கேட்பதெல்லாம் இதுதான்: சோதனையானால் நோயாளியிடம் பணம் வாங்குவானேன்? வைத்தியமானால் ருஜு காட்டாததேன்?