"மூணு பாட்டு சொல்லு பார்ப்போம்!"

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தைக் குவித்து விற்கிறார்கள் இல்லையா, அங்கே வாங்கிய ராக் பேண்ட் டீ-சர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு பையன் கல்லூரிக்கு வந்தால் போதும். உடனே ஒரு ரசிக சிகாமணி வழிமறிப்பார். "அந்த பேண்டோட மூணு பாட்டு சொல்லு பார்ப்போம்!" தெரியாவிட்டால் சட்டையைக் கழற்றச் சொல்லாத குறைதான்.

சரி, சிகாமணியிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தப் படம் யாருடையது?

ஜாய் டிவிஷனின் 'அன்நோன் பிளெஷர்ஸ்' (1979) அட்டையையே எடுத்துக்கொள்வோம். கறுப்பின் மேல் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள். "பீட்டர் சாவில்" என்று பதில் வரும். பாதி மார்க். வெள்ளையில் கறுப்பாக இருந்த கோடுகளைக் கறுப்பில் வெள்ளையாக மாற்றி, அட்டை நடுவில் சின்னதாக வைத்தது சாவில். அசத்தலான வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் படம், 1977-ல் வந்த கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியத்தில் இருந்து எடுத்தது. அதற்கும் முன்னால் 1970-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு கிராஃப்ட் என்ற மாணவரின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருந்தது. சுமார் 1.337 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் சி.பி. 1919 என்ற பல்சரின் ரேடியோ துடிப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக் கணினியில் வரைந்தது. தன் படம் அட்டையில் வந்த சேதியே கிராஃப்டுக்குப் பிற்பாடுதான் தெரியும்! (அந்தப் பல்சரை 1967-ல் முதலில் கண்டுபிடித்த ஜோஸ்லின் பெல்லும் ஆராய்ச்சி மாணவிதான். 1974 நோபல் அவருடைய வழிகாட்டிக்குப் போனது. மாணவர் தலையெழுத்து அப்படி.)

ரோலிங் ஸ்டோன்ஸ் நாக்கும் இதே கதைதான். வரைந்த ஜான் பாஷ் அப்போது ஓவியக் கல்லூரி மாணவர். முதலில் கைக்கு வந்தது 50 பவுண்டு.

இங்கே புதிதாக பேண்ட் ஆரம்பிப்பவர்கள் அட்டைக்கு 'ரிசர்ச்' செய்கிறோம் என்று பின்ட்ரெஸ்ட்டில் ஐம்பது படம் சேர்த்து, ஒன்றைத் திருகி வைத்துக்கொள்கிறார்கள். யாருடையது என்று பார்ப்பதில்லை. துணியில் எடுபடுமா என்றும் பார்ப்பதில்லை. திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் அரை நாள் நின்றால் போதுமே! ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். கறுப்புத் துணியில் நிறம் பளிச்சென்று தெரிய, பெரும்பாலும் அடியில் முதலில் வெள்ளை அடிக்க வேண்டும். கிராஃப்டின் கோடுகளுக்கு ஒரே ஸ்கிரீன், ஒரே வெள்ளை. அந்தப் படம் இத்தனை நெஞ்சுகளில் ஏறியதற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம். (2012-ல் டிஸ்னி அந்தக் கோடுகளையே மிக்கி மவுஸ் வடிவில் டீ-சர்ட்டில் போட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது தனிக்கதை.)

அப்புறம் அந்தக் கறுப்பு. அடர்ந்த நிறத்துக்குச் சாயமும் அதிகம், உப்பும் அதிகம். நொய்யலில் கலந்த கழிவுநீருக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. பாட்டு தெரியாத அந்தப் பையனின் வீட்டில் அந்த மாதங்களில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் இருக்கலாம். அவனிடம் போய் மூன்று பாட்டு கேட்கிறார்கள்.

டீ-சர்ட்டின் கழுத்து லேபிளில் சைஸ் போட இடமிருக்கிறது. சலவைக் குறிப்பு, 'மேட் இன் இந்தியா' எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. படம் வரைந்தவர் பெயருக்கு மட்டும் இடமில்லையாம்.