அடைகாப்புப் பொறியும் கணிப்பொறித் திரையும்

கோழிப் பண்ணைகளால் பெயர் பெற்றது நாமக்கல் வட்டாரம். இங்குள்ள குஞ்சு பொரிப்பகம் ஒன்றினுள் நுழைவோர், பொறியியல் மாணாக்கர் ‘கட்டுப்பாட்டு அமைப்புகள்’ என்று பயிலும் பாடத்தின் அடிப்படையை ஒரே அறையிற் காணலாம். பொறியினுள் வெப்பம் ஏறத்தாழ 37.5 பாகை செல்சியசில் நிற்றல் வேண்டும். உணரி அதனை அளக்கின்றது. வேண்டும் அளவோடு ஒப்பிட்டுக் குறை அறியப்படுகின்றது. குறைக்கேற்பச் சூடேற்றி இயங்குகின்றது. விளைவு மீண்டும் அளக்கப்படுகின்றது. விளைவே வினையைத் திருத்தும் இச்சுற்றினைப் ‘பின்னூட்டம்’ என்கிறோம்.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூசா உடன்பிறந்தார் மூவரும், நீர்மட்டத்தைத் தானே நிலைநிறுத்தும் மிதவை அமைப்புகளைத் தம் கருவி நூலில் விளக்கினர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலந்து நாட்டு அறிஞர் டிரெபெல், தன் வெப்பத்தைத் தானே சீர்செய்யும் அடைகாப்புப் பொறியை அமைத்தார். நம் மாவட்டத்துப் பிழைப்போடு இத்துணை நெருங்கிய பாடம் வேறொன்று உண்டோ!

இன்று அப்பாடம் கணிப்பொறித் திரைக்கு வந்துள்ளது. அதனை நாம் மனமார வரவேற்கின்றோம். மெய்யான பொறியில் ஒருமுறை பிழை செய்தால் கருக்கள் மடியும். ஒப்புருவாக்கத்தில் நூறு முறை பிழை செய்து கற்கலாம். 21 நாள் நிகழ்வை நொடிப்பொழுதிற் காணலாம். பொருட்செலவும் தடையன்று. சைலேப் என்னும் கட்டற்ற மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது, மும்பை ஐ.ஐ.டி.யின் பேசும் பயிற்சித் திட்டம் அதனைத் தமிழிலும் கற்பிக்கின்றது.

ஆயினும் ஓர் அச்சம் நம்மை விட்டு அகலவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் முன்னோர். திரைச் சுரைக்காய் மட்டும் உதவுமோ? நாம் எழுதிய சமன்பாட்டில் உள்ளதையே திரை காட்டும். எழுதாது விட்டதைக் காட்டாது. முட்டை முதலில் வெப்பத்தை ஏற்கும். கருவில் உயிர் வளர வளர, அதுவே வெப்பத்தை வெளியிடத் தொடங்கும். பிற்பகுதியிற் சூடேற்றுவதினும் குளிர்விப்பதே பெரும்பணி ஆகின்றது. இதனை அறியாதான் வரைந்த மாதிரி, திரையில் அழகிய வளைகோட்டைக் காட்டிப் பண்ணையிற் பொய்த்துப் போகும். உணரியிற் படியும் தூசியும் இடையில் நிற்கும் மின்சாரமும் அவ்வாறே.

பண்ணைக்காரர் மகன் இவற்றை வீட்டிலேயே அறிவான். ஆனால் வகுப்பில் ஆங்கிலச் சொற்களை உருப்போட்டு, விசையை அழுத்தி, வந்த வரைபடத்தை அச்சிட்டுத் தந்து மதிப்பெண் பெறுகின்றான். தான் அறிந்ததும் தான் பயில்வதும் ஒன்றே என அவனுக்கு எவரும் சொல்லவில்லை. இவ்விழப்பு மென்பொருளால் நேர்ந்ததன்று, மொழியால் நேர்ந்தது.

எனவே நாம் மூன்று வேண்டுகின்றோம். ஒன்று, விசையை அழுத்துமுன் என்ன நிகழும், ஏன் நிகழும் என்பதை மாணாக்கர் தமிழில் நான்கு வரி எழுதுக. எண்ணியது திரையிற் பொய்க்குமாயின், அங்கேதான் கல்வி தொடங்குகின்றது. இரண்டு, ஒரு பெட்டி, ஒரு மின்விளக்கு, ஒரு வெப்ப உணரி கொண்டு சிறு பொறி அமைத்து, திரையின் கோட்டையும் பெட்டியின் கோட்டையும் ஒப்பிடுக. இச்சிறு செலவைக் கல்லூரி நிருவாகங்களும் சமுதாயப் பெரியோரும் ஏற்றல் அரிதன்று. மூன்று, அண்ணா பல்கலைக்கழகம் 2022இல் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடத்தைப் பொறியியல் முதலாண்டில் வைத்துள்ளது. அவ்வகுப்பிற்குச் செல்லும் தமிழாசிரியர், பழம்பெருமை பேசுவதோடு அமையாது, பொறியியல் ஆசிரியருடன் அமர்ந்து இத்தகைய பாடங்களுக்குத் தமிழ் விளக்கம் எழுத முன்வருதல் வேண்டும்.

பிழையைக் கண்டு தன்னைத் திருத்திக்கொள்வதே பின்னூட்டம். பொறிக்கு அதனைக் கற்பிக்கும் நாம், நம் கற்பிக்கும் முறைக்கும் அதனைப் பொருத்திப் பார்ப்போமாக. இறைவன் துணைநிற்பானாக.