நடைபிணங்களைக் கொல்லும் உரிமை

ஜாம்பி நாவல் என்றதும் நம் சிற்றிதழ் வாசகர்கள் முகம் சுளிப்பது வழக்கம். பிணங்கள் எழுந்து நடக்கின்றன, மனிதரைக் கடிக்கின்றன, கடிபட்டவரும் பிணமாகி எழுகிறார், எஞ்சிய நாலைந்து பேர் துப்பாக்கியும் அரிவாளுமாகத் தப்பி ஓடுகிறார்கள். இதில் இலக்கியத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. என் மாணவர்களோ இவ்வகை ஆங்கில நாவல்களைக் கைபேசியிலேயே ஒரே மூச்சில் படித்துவிட்டு, தமிழில் இப்படி ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா என்கிறார்கள்.

இந்த வழக்கில் நான் மாணவர் பக்கம். அத்தகைய நாவல் தமிழில் வர வேண்டும். விறுவிறுப்பாகவே வர வேண்டும். ஆனால் அதை எழுதப் போகிறவர் ஒன்றை யோசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஓட்டமும் சண்டையும் இக்கதைகளின் மேற்பரப்பு. இவற்றின் உயிர்நிலை, 'இவன் இனி மனிதன் அல்லன்' என்று ஒருவர் முடிவுகட்டும் அந்தக் கணத்தில் இருக்கிறது. நேற்று வரை அண்ணனாகவும் அண்டை வீட்டுக்காரனாகவும் இருந்தவனை இன்று குற்றவுணர்வின்றி வெட்டலாம் என்ற அனுமதியை வாசகனுக்கு வழங்குவதே இவ்வகை எழுத்தின் இரகசியக் கவர்ச்சி. அனுமதியை வழங்குவது யார், எந்த அடையாளத்தை வைத்து வழங்குகிறார் என்று கேட்காத நாவல் வெறும் வேட்டைக் கதையாகவே முடியும்.

இந்தக் கேள்வியைக் கேட்ட படைப்புகளே காலத்தில் நின்றிருக்கின்றன. ஜாம்பி என்ற கருத்து ஹெய்ட்டி நாட்டில் உருவானது. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்கள் சாவையே விடுதலையாக எண்ணினார்கள். செத்த பின்னும் மந்திரவாதி எழுப்பி வேலை வாங்குவான் என்பது அவர்களுடைய பேரச்சம். அந்த ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை. அது இரக்கத்துக்குரிய உடல். கரும்புக்கும் தேயிலைக்கும் கப்பலேறிய தமிழரின் வழிவந்தோருக்கு இந்த அச்சத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரிச்சர்ட் மாதேசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலில், கொள்ளைநோய்க்குத் தப்பிய ஒருவன் நோயுற்றவர்களைப் பகலில் தேடித் தேடிக் கொல்கிறான். அவர்களில் ஒரு சாரார் நோயோடு வாழக் கற்றுப் புதிய சமூகம் அமைத்துவிட்டதும், அவர்கள் கண்ணில் தானே கொடிய அரக்கன் என்பதும் அவனுக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது. அந்நாவலின் தாக்கத்தில் ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வருவதில்லை. ஆனாலும் இன்றைய ஜாம்பிக் கதைகள் யாவும் அதன் வழியில் வந்தவை. இரவெல்லாம் பிணங்களோடு போராடித் தப்பிய கறுப்பின நாயகனை, மறுநாள் காலை காப்பாற்ற வந்த வெள்ளையர் கூட்டம் பிணமென்று கருதிச் சுட்டுவிடுகிறது. மேக்ஸ் புரூக்சின் 'வேர்ல்டு வார் இசட்' (2006) உலகெங்கும் தப்பியவர்களின் வாக்குமூலங்களாக அமைந்த நாவல். அதில் நம் குஜராத்தின் அலாங் கப்பலுடைப்புக் கரையும் வருகிறது. தப்பிப் பிழைத்தவர்கள் எதைக் கைவிட்டுப் பிழைத்தார்கள் என்பதே அங்கு விசாரணைப் பொருள்.

தமிழில் இவ்வகைக்கு வாசல் திறந்தது திரைப்படம்தான். சக்தி சௌந்தர்ராஜன் இயக்கத்தில் 2016இல் வந்த 'மிருதன்' முயற்சிக்காகப் பாராட்டத் தக்கது. ஊட்டியிலும் கோவையிலும் கதை நடக்கிறது. எனினும் அதைப் பார்த்து முடித்தபோது, இது ஏன் கோவையில் நடக்க வேண்டும், வேறெந்த ஊரில் நடந்தால் என்ன என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை.

நம் மரபிலோ இதற்கான கச்சாப் பொருள் குவிந்து கிடக்கிறது. நடைபிணம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடிருந்தும் உள்ளம் செத்தவனைத்தான் தமிழ் அவ்வாறு சொல்கிறது. ஒப்புரவு அறியாதவனை இறந்தவர் கணக்கில் சேர்க்கிறார் வள்ளுவர். கலிங்கத்துப்பரணியின் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து உண்கின்றன. ஆனால் அக்களத்தில் கொல்பவர்கள் மனிதர்கள். மணிமேகலையில் வரும் காயசண்டிகை, எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ நோயால் பன்னிரண்டு ஆண்டுகள் அலைபவள். பொதிகைமலைப் பக்கம் ஒரு முனிவரின் நாவற்கனியைக் காலால் சிதைத்ததால் வந்த சாபம் அது. தணியாத பசியோடு தெருவில் திரியும் அவளை யாரும் வெட்டவில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு இடுகிறாள் மணிமேகலை, நோய் தீர்கிறது. உலக ஜாம்பி இலக்கியம் முழுவதற்கும் எதிர்க்கேள்வியாக நிற்கத்தக்க காட்சி இது.

பெரியம்மையை நம்மவர்கள் கையாண்ட விதமும் இத்தகையது. நோயாளியின் உடலில் தெய்வம் இறங்கியிருப்பதாக நம்பினார்கள். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் அயலார் நுழைவதில்லை. உள்ளே கிடப்பவரையோ 'ஆத்தா' என்று வணங்கினார்கள். இந்தப் பெருமிதத்தை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். உயிர்களைக் காத்தது தடுப்பூசிதான். அதனால்தான் 1980இல் உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்க முடிந்தது. இருந்தாலும், நோயுற்றவரை அஞ்சி விலக்கும்போதும் அவரை மனிதரினும் கீழாக எண்ணாத ஒரு பார்வை அதில் இருந்தது.

இதே சமூகம்தான் எந்தக் கிருமியும் இல்லாத உடல்களைத் தொற்றென்று விலக்கும் தீட்டையும் வைத்திருந்தது, இன்னும் வைத்திருக்கிறது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், நிழல் பட்டால் கெடும் என்ற கற்பனையில் நமக்குப் பல நூற்றாண்டுப் பயிற்சி உண்டு. கொரோனாக் காலத்தில் அப்பயிற்சி வெளிப்பட்டது. 2020இல் பல ஊர்களின் எல்லையில் முள்வெட்டிப் போட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரலில், நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்துத் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் இரவோடிரவாக மண்வெட்டி பிடித்து அவரைப் புதைக்க நேர்ந்தது. அன்றிரவு அங்கே நடைபிணமாக இருந்தவர் யார்? தமிழ் ஜாம்பி நாவல் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

எங்கள் பகுதியையே களமாக எண்ணிப் பாருங்கள். இராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் சேத்தூரைக் கடந்தால் தேவதானம். மேற்கே மலை, தப்பி ஏறலாம், ஆனால் அது காடு. இராஜபாளையத்து நூற்பாலைகளுக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கி உழைக்கும் இளைஞர்கள் உண்டு. தொற்று வந்தால் ஊர் முதலில் ஐயுறுவது அவர்களைத்தான். பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் ஊர். உலகின் புண்களுக்குத் துணி நெய்தவனைத் தன் ஊர் உள்ளே விடுமா என்ற ஒரு கேள்வி போதும், ஓர் அத்தியாயம் பதைபதைக்க ஓடும். தேவதானத்துக் கோயிலில் இறைவன் பெயர் நச்சாடை தவிர்த்தருளியவர். நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்ததாகத் தலபுராணம். துணி வழி பரவும் சாவை அறிந்த ஊர். இப்பகுதியின் பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயம். கதவடைத்துத் தஞ்சம் புகக் கோட்டை போன்ற மதில் இருக்கிறது. அந்தக் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது? தென்மாவட்டங்கள் 1990களில் கண்ட சாதிக் கலவரங்களை அறிந்தவர் எவரும் இதற்கு எளிதில் பதில் சொல்லிவிட மாட்டார்.

வேகம் இழிந்த குணமன்று. சுஜாதாவும் ராஜேஷ்குமாரும் வளர்த்த துரித நடை தமிழுக்கு வாய்த்த செல்வம்; இந்நாவலுக்கு அது வேண்டும். அரிவாள் ஓங்கும் இடம் வரும்போது மட்டும் எழுத்தாளர் சற்று நின்று, எதிரே நிற்பவரின் பெயரைச் சொல்லட்டும். அவர் எந்தத் தெரு, யாருக்கு மகன், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று சொல்லட்டும். அதன் பிறகும் அந்தக் கை இறங்குமானால், எதைக் கொன்றோம் என்று தெரிந்தே வாசகன் பக்கத்தைப் புரட்டுவான்.