கொல்லை மண் என்ன மண்?

"பாழாய்க் கிடக்கும் கொல்லையைத் திருத்த ஆசை. என்னென்ன விதை வாங்கலாம்?" என்று விருத்தாசலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பீங்கான் பட்டறைகள் உள்ள தெருவில் குடியிருக்கிறாராம். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. கீரைக்காகத்தான் இத்தனை ஆவல்.

விதை கொஞ்சம் பொறுக்கட்டும், அம்மா. உங்கள் ஊர் மண் ஒரே ஜாதி அல்ல. மேட்டுப்பாங்கில் சரளை கலந்த செம்மண். முந்திரிக்கும் மல்லாட்டைக்கும் பேர் போனது. ஆற்றோரம் வண்டல், வேறு இடங்களில் களி மிகுந்த கரிசல். அடுத்த வீட்டில் காய்த்தது உங்கள் வீட்டில் காய்க்கும் என்பது நிச்சயமில்லை.

கண்டுபிடிப்பது பெரிய வித்தையா? இல்லவே இல்லை. அரை அடி ஆழத்து மண்ணைக் கல், வேர் நீக்கி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிஷத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கி நின்று மெதுவாகப் படிவது களி. எந்த அடுக்கு தடிமனோ, அதுதான் உங்கள் மண்ணின் குணம்.

களி என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. பாத்திரத்துக்கு உதவும் வெள்ளைக் களி அவ்வளவாக உப்பாது, வெடிக்காது. ஆனால் உரச் சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. கரிசல் களியோ கோடையில் கை நுழையும்படி வெடிக்கும்; சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எந்தக் களியானாலும் அதில் மணலைக் கொட்டித் திருத்தப் பார்க்காதீர்கள். கொஞ்சம் மணல் சேர்ந்தால் செங்கல் மாதிரி இறுகிப் போகும். மக்கின தொழு உரமும் இலைச்சருகும்தான் மருந்து. ஈரமாக இருக்கும்போது களிமண்ணைக் கொத்தவும் வேண்டாம்.

ஒரு அடிக் குழி எடுத்து நீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் நல்லது. மறுநாள் காலையிலும் நின்றால் பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டும். முருங்கைக்கு அங்கே இடமில்லை, வேர் அழுகிவிடும்.

இனி, பட்டறைத் தெருவுக்கென்று ஒரு விஷயம். மேலே கிடப்பது மண்தானா என்று பாருங்கள். சுட்ட ஓட்டாஞ்சில்லுகள் காலைக் கிழிக்குமே தவிர, செடிக்குக் கெடுதல் இல்லை. உடைந்த பிளாஸ்டர் அச்சு வெறும் ஜிப்சம். மல்லாட்டைக்கு உழவர்கள் போடுகிற அதே சரக்கு. பயம் எதில் என்றால், பளபளப்புக்குப் பூசும் 'கிளேஸ்' கழிவில். எல்லா கிளேஸிலும் ஈயம் கிடையாது. ஆனால் சிலவற்றில் உண்டு, பழைய கழிவில் எது இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீரையும் கிழங்கும்தான் இதில் முதல் சந்தேகத்துக்குரியவை. இலையில் ஒட்டும் தூசியே போதும். மண்ணை வாயில் வைக்கும் வயசுப் பிள்ளை வேறு!

ஆகவே பூச்சுக் கழிவு கொட்டின அடையாளம் தெரிந்தால், அந்த மண்ணில் கீரை வேண்டாம். தொட்டியிலோ, அடியில் கெட்டிச் சாக்கு விரித்த உயரப் பாத்தியிலோ வெளி மண் நிரப்பி விதையுங்கள். பழைய இடத்தில் பூச்செடி வைக்கலாம். தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், குழந்தையின் கையை அடிக்கடி கழுவுங்கள்.

கழிவு இல்லாத இடமென்றால் தைரியமாக இறங்கலாம். முழுக் கொல்லையையும் ஒரே நாளில் வெட்டினால் மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதோடு ஆசையும் போகும். ஆறடிக்கு மூன்றடி ஒரு பாத்தி போதும். கோரையை மேலே அறுத்தால் போதாது, கிழங்கோடு பொறுக்கவேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்குங்கள், கைக்கு உறை போட்டுக்கொண்டு. மீதி இடத்தில் தக்கைப்பூண்டோ சணப்போ தெளித்து, பூக்கிற சமயத்தில், சுமார் 45 நாளில், மடக்கி மண்ணில் புதைத்துவிடுங்கள். ஆடியில் வெண்டை, கத்தரி போட மண் பதமாகியிருக்கும்.

உப்பு, களர் சந்தேகமிருந்தால் ஐந்தாறு இடத்து மண்ணைக் கலந்து நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். உங்கள் ஊரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கே கொடுப்பது என்று அங்கே விசாரிக்கலாம். ஒன்று மட்டும்: சாதாரண மண் பரிசோதனையில் ஈயம் தெரியாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.