மறதிக்கு முந்தைய இருபது ஆண்டுகள்

2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நம் நாட்டு மஞ்சளுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. அரியானா மாநிலத்தின் பல்லப்கர் வட்டாரச் சிற்றூர்களில், 65 வயதைத் தொட்டோரிடையே அல்சைமர் நோய் புதிதாகத் தோன்றும் வீதத்தை இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் கூடிக் கணக்கிட்டனர். ஆண்டொன்றுக்கு ஆயிரவருள் ஐவர்க்கும் குறைவு என்றது அக்கணக்கு. பென்சில்வேனியாவில் எடுத்த கணக்கோ பதினேழைத் தாண்டியிருந்தது. இத்துணைப் பெரிய வேறுபாட்டுக்குக் குழம்பில் இடும் மஞ்சளே காரணம் என்று பலரும் முடிவுகட்டினர். ஆய்வாளர்கள் அவ்வாறு அறுதியிடவில்லை. அவ்வூர்களில் வாழ்நாள் குறைவு, நோயுற்றோர் நெடுநாள் பிழைப்பதில்லை, தாம் கண்காணித்த காலமும் சிறிது என்ற ஐயங்களை அவர்களே எழுதிவைத்திருந்தனர். அதைப் படித்தவர் சிலரே. மஞ்சள் மாத்திரை விற்றவர் பலர். மஞ்சளின் சத்தாகிய குர்குமினை நோயாளர்க்குக் கொடுத்துச் சோதித்தபோது பயன் ஏதும் புலப்படவில்லை; உட்கொண்டதில் மிகச் சிறு பகுதியே குருதியில் சேர்கிறது என்பதும் தெரியவந்தது.

2023இல் வெளியான நாடு தழுவிய மதிப்பீடு, அறுபது வயது நிரம்பிய இந்தியருள் நூற்றுக்கு 7.4 பேர் நினைவிழப்பு நோய்க்கு ஆட்பட்டிருப்பதாகக் கண்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். இந்நோய்களுள் பெரும்பங்கு அல்சைமருடையது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிட நாட்டுப்புறங்களிலும் இது மிகுதி. மஞ்சள் இல்லாத அடுக்களை அங்கெல்லாம் ஏது?

பழங்கதையைக் கிளறுவதற்குக் காரணம் உண்டு. வல்லாரை, அக்ரூட், தேங்காயெண்ணெய், மீனெண்ணெய் மாத்திரை என்று நினைவைக் காக்கும் அருமருந்தாக ஏதேனும் ஒரு பொருள் ஆண்டுதோறும் முன்னிறுத்தப்படுகிறது. முதியவரைப் பேணும் குடும்பங்களின் அச்சம் நல்ல விற்பனைக் களமாகிவிட்டது. வைட்டமின் பி, வைட்டமின் ஈ, மீனெண்ணெய் போன்ற துணைச்சத்துகளை இந்நோயைத் தடுக்கப் பரிந்துரைக்க வேண்டா என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக வழிகாட்டியது. கடைத்தட்டுகளில் அதன் சுவடே இல்லை.

உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்பது நம் கருத்தன்று. தொடர்பு வலுவானது, ஆனால் அது செல்லும் வழி வேறு. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்தா கிளேர் மாரிஸ் தலைமையிலான குழு, கீரையும் பருப்பும் கொட்டைகளும் மீனும் மிகுந்த, வெண்ணெயும் இனிப்பும் பொரித்தவையும் குறைந்த ஓர் உணவுமுறையை 2015இல் வகுத்தது. அதை நெருக்கமாகப் பின்பற்றிய முதியோரிடம் அல்சைமர் வீதம் பாதிக்கும் கீழே இருந்தது. உலகமே வியந்தது. பின்னர் 604 முதியோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் அவ்வுணவு முறையைப் பயிற்றி மூன்றாண்டு காலம் சோதித்தனர். இரு பிரிவினரும் உண்ணும் அளவைச் சற்றே குறைத்துக்கொண்டனர். 2023இல் முடிவு வெளியானபோது இரு பிரிவுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

முரண் போலத் தோன்றும் இதில் கற்க வேண்டியது நிறைய. நாள்தோறும் கீரை உண்பவர் பெரும்பாலும் கல்வியும் வசதியும் உடையவர், நடைப்பழக்கம் உள்ளவர், மருத்துவரிடம் காலத்தில் செல்பவர். அவர்தம் நலத்தில் கீரையின் பங்கு எவ்வளவு, ஏனையவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. காலமும் ஒரு சிக்கல். அல்சைமரின் அடையாளமாகிய அமிலாய்டு, டௌ என்னும் புரதங்கள், முதல் மறதி வெளிப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் படியத் தொடங்கிவிடுகின்றன. எழுபதில் தட்டை மாற்றி எழுபத்து மூன்றில் விளைவு தேடுவது பெரிதும் காலங்கடந்த முயற்சி. இந்நோயைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர், அதை இன்னும் நினைத்தும் பாராத நாற்பத்தைந்து வயதினர்.

அவருடைய தட்டு குருதிக்குழாய் வழியாகவே மூளையைச் சென்றடைகிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடும் உறுப்பு. அதற்கு ஊட்டும் நுண்குழாய்களை மிகையுப்பும் மிகைச் சர்க்கரையும் புகையும் ஆண்டுக்கணக்கில் சிதைக்கின்றன. குருதியழுத்தத்தை 120க்குக் கீழ் இறக்கிப் பேணியோரிடம் நினைவாற்றலின் தொடக்கநிலைச் சரிவு குறைந்ததை, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அமெரிக்கச் சோதனையொன்று 2019இல் காட்டியது. பின்லாந்தில் மீயா கிவிபெல்டோ குழுவினர் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரைத் தேர்ந்து, ஒரு பாதியினர்க்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, குருதியழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒருசேர அளித்தனர். இரண்டாண்டில் அறிவுத்திறன் தேர்வுகளில் அவர்கள் மற்றவரினும் முன்னேறினர். வெற்றி சிறிதுதான், நோயே வாராது என்பதற்கான சான்றும் அன்று. எனினும் அதை ஈட்டித் தந்தது தனியொரு பண்டம் அன்று, நான்கும் சேர்ந்த ஒழுங்கு.

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் நினைவிழப்புக்கு வழிவகுக்கும் பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டது. அவை முற்றும் நீங்கினால் உலகின் நினைவிழப்பு நோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றும் மதிப்பிட்டது. இதை, நோயுற்றோரில் பாதிப் பேர் தம் தவற்றால் வீழ்ந்தனர் என்று படிப்போர் உளர். அது தவறான படிப்பு மட்டுமன்று, கொடிய படிப்பும் ஆகும். அது மக்கள்தொகை முழுமைக்கும் இட்ட கணக்கு. ஒருவரின் வாழ்வை எடைபோடும் கோல் அன்று. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் மருத்துவ உலகுக்கு விவரித்த ஜெர்மானியப் பெண்மணி பிராங்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51. மரபணுவும் முதுமையும் எவர் விருப்பத்தையும் கேட்டு வருவன அல்ல. ஒழுங்காக உண்டு, நாளும் நடந்து, பின்னும் பிள்ளைகளின் பெயரை மறந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பேணும் குடும்பங்கள் மீது குற்றவுணர்வையும் சுமத்த வேண்டா.

மேலும், பதினான்கில் பல தனிமனிதர் கைக்கு எட்டாதவை. காற்று மாசு அப்படிப்பட்டது. இளமையில் கல்வி இன்மை அதனினும் அப்படிப்பட்டது. கற்ற மூளை, சிதைவு தொடங்கிய பின்னும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகள் காட்டும் செய்தி. இன்று எழுபதைக் கடந்த நம் பெண்களில் பள்ளி வாயிலை மிதியாதோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், நோய் ஏன் அவர்களிடம் மிகுந்திருக்கிறது என்பதற்கு ஒரு விடையேனும் கிட்டும். காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பசிபோக்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தவும் வந்தவை. மறதியைத் தடுப்பது எவர் நோக்கத்திலும் இருந்திருக்காது. எனினும் மூளையைக் காக்கும் உணவு என்று இந்நாட்டில் ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், அக்ரூட்டுக்கு முன்னே அந்தப் பள்ளிச் சோற்றைத்தான் நாம் சுட்டுவோம்.

வளர்ந்தோரின் தட்டில் நிலைமை நன்றாக இல்லை. 2023இன் தேசிய ஆய்வு 10.1 கோடி இந்தியர்க்கு நீரிழிவு உண்டென்றது. தமிழ்நாட்டில் வளர்ந்தோரில் 14.4 விழுக்காட்டினர். 2025இல் வெளியான அதன் உணவுப் பகுதி, இந்தியர் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்தே என்றும், அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசியும் அரைத்த மாவும் சர்க்கரையும் என்றும் கூறியது. நியாயவிலைக் கடையின் விலையில்லா அரிசி பட்டினியை விரட்டியது. அதை இழிவாகப் பேசுவோருடன் நாம் உடன்படோம். ஆனால் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு என்ற அளவு போதாது. சிறுதானியமும் பயறும் அதே கடையில் அதே எளிமையுடன் கிடைக்கும்வரை, கேழ்வரகும் கொள்ளும் உண்ணுங்கள் என்று ஏழையிடம் உபதேசிப்பதில் பொருளில்லை.

செவிக்கு வருவோம். லான்செட் பட்டியலில் மிகப் பெரும் பங்குடையவற்றுள் கேள்திறன் குறைவும் ஒன்று. காது கேளாதவர் பேச்சிலிருந்து விலகுகிறார். தனிமை அவரைச் சூழ்கிறது. நோய் வாய்ப்பு மிக்க முதியோர்க்குக் கேட்புக் கருவி பொருத்தியபோது மூன்றாண்டில் அறிவுத்திறன் சரிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2023இல் அமெரிக்கச் சோதனையொன்று கண்டது. நலம் மிக்க முதியோரிடம் அப்பயன் தெரியவில்லை. கண்ணாடி அணிய நாணாத நம்மவர் கருவியை ஏன் ஒளிக்கின்றனர் என்பது விளங்காத புதிர். ஆனால் நாணத்தைவிட விலையே பலரைத் தடுக்கிறது.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் குருதியழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீடுவரை கொண்டுசேர்க்கிறது. அதற்கு ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. நினைவிழப்பைத் தடுக்கும் கட்டமைப்பு இங்கே பாதி ஆயத்தமாக இருக்கிறது என்பதே நம் கணிப்பு. வீட்டுக்கு வரும் பணியாளர் அங்குள்ள முதியவரின் செவியையும் நினைவையும் சோதிக்கப் பயிற்சி பெறட்டும். கேட்புக் கருவி முதியோர்க்கு மலிவாகக் கிடைக்க அரசு நிதி ஒதுக்கட்டும். எத்தனை வீடுகளுக்கு மாத்திரை சென்றது என்ற கணக்கு மட்டும் இனிப் போதாது. நாற்பது வயது கடந்தோரில் எத்தனை பேருக்கு அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன என்பதையும் மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.