பிளவுகளின் பட்டியலுக்கு அப்பால்: இலங்கையின் சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி

சிறிய கம்யூனிஸ்ட் கட்சிகளின் வரலாறு பெரும்பாலும் பிளவுகளின் பட்டியலாகவே எழுதப்படுகிறது. இலங்கையின் சீனச் சார்புக் கட்சிக்கும் அதுவே நேர்ந்திருக்கிறது. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. ட்ரொட்ஸ்கியவாதிகளின் வசமிருந்த அக்கட்சியிலிருந்து மாஸ்கோ ஆதரவாளர்கள் 1940இல் வெளியேற்றப்பட்டனர். 1943 ஜூலை 3 அன்று இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி நிறுவப்பட்டது. 1963-64இல் அதுவும் பிளந்து, பீக்கிங் அணி என். சண்முகதாசன் தலைமையில் தனிக்கட்சியாயிற்று. இதற்கு மேல் சொல்லப்படுவது ஒன்றுதான்: 1971 கிளர்ச்சியை நடத்திய ஜே.வி.பி.யின் ரோகண விஜேவீர இக்கட்சியிலிருந்து வந்தவர்.

நாடாளுமன்ற இடங்களையும் பிளவுகளையும் மட்டும் எண்ணுகின்ற இந்த அளவுகோல், அக்கட்சி செய்த முதன்மையான பணியைக் காணத் தவறுகிறது. அதைக் காண 1966ஆம் ஆண்டு ஒன்றே போதும்.

அவ்வாண்டு ஜனவரியில், டட்லி சேனநாயக்க அரசு தமிழ்மொழிக்கு வரையறுக்கப்பட்ட நிர்வாகப் பயன்பாட்டை அளிக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சியும் மாஸ்கோ சார்புக் கட்சியும், இம்முறை ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து அவ்விதிகளை எதிர்த்தன. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, சீனச் சார்புக் கட்சியினர் முன்னின்று தீண்டாமைக்கு எதிரான ஊர்வலத்தைச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடத்தினர். காவல்துறையின் தடியடியையும் மீறி ஊர்வலம் தொடர்ந்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டிருந்தும், தேநீர்க் கடைகளும் கோயில்களும் ஒடுக்கப்பட்டோர்க்கு மூடியே கிடந்தன. சங்கானையில் தேநீர்க் கடைப் பிரவேசமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் பிரவேசப் போராட்டமும் இதனைத் தொடர்ந்தவை. மாவிட்டபுரத்தில் மறித்து நின்றோரின் தலைவர், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம்.

இவ்விடத்தில் அமைப்புகளின் பெயர்கள் கவனிக்கத்தக்கவை. 1940களில் உருவான அமைப்பின் பெயர் அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை. 1967இல் இக்கட்சியினர் அமைத்ததோ தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். முதற்பெயர் ஒடுக்கப்பட்டோரை எண்ணிக்கையில் குறைந்த ஒரு சமூகமாகச் சுட்டுகிறது. இரண்டாவது, செய்ய வேண்டிய செயலைச் சுட்டுகிறது. அச்செயலில் பங்கேற்கும் எவரும், ஆதிக்கச் சாதியிற் பிறந்தவர் உட்பட, 'வெகுஜன' என்ற சொல்லுக்குள் அடங்குவர். விண்ணப்பம் செய்யும் சமூகம் போராடும் மக்கள்திரளாகத் தன்னைப் பெயரிட்டுக்கொண்ட மாற்றம் இது.

புனேயிலும் மும்பையிலும் இடதுசாரி வரலாறு பயில்வோர்க்கு இதன் முக்கியத்துவம் எளிதில் விளங்கும். 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோருக்கு வேலை மறுக்கப்படுவதை அம்பேத்கர் எழுப்பினார். வர்க்க ஒற்றுமை பேசும் சங்கம் தன் உள்ளே நிலவும் சாதியை என்ன செய்யப்போகிறது என்பதே அவ்வினாவின் சாரம். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு கட்சி அவ்வினாவுக்குச் செயலால் ஒரு விடையளிக்க முயன்றது.

அவ்விடை முழுமையானதன்று. சாதியை நிலப்பிரபுத்துவ எச்சமாகவே கருதிய கோட்பாடு, நிலவுறவு மாறிய பின்னும் சாதி நீடிப்பதை விளக்கப் போதுமானதாக இல்லை. இனமுரண்பாடு முற்றியபோது இளைஞர்கள் வேறு இயக்கங்களை நாடினர். கட்சி மேலும் பிளந்தது. ஆயினும், இப்போராட்டங்கள் தமிழரைப் பிளவுபடுத்தின என்ற குற்றச்சாட்டு ஏற்கத்தக்கதன்று. பிளவு கோயில் வாயிலில் ஏற்கெனவே இருந்தது. கட்சி அதைப் பொதுவெளியில் பேச வைத்தது.

இப்போராட்டங்களில் நேரடியாக ஈடுபட்ட கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை எழுதினார். இலக்கிய மாணவர்கள் அதைப் படிக்கின்றனர். அரசியல் வரலாற்று மாணவர்கள் அந்த ஊர்வலத்தை அடிக்குறிப்பாகக் கடக்கின்றனர். அன்று இருபது வயதில் நடந்தவர்க்கு இன்று எண்பது வயதாகிறது. துண்டறிக்கைகளும் கட்சி இதழ்களும் போரிலும் இடப்பெயர்விலும் சிதறின. சண்முகதாசன் தம் நினைவுக்குறிப்புகளை எழுதிச் சென்றார். ஊர்வலத்தில் நடந்த பெரும்பாலோர் எதையும் எழுதவில்லை. இக்கட்சியை ஆய்வுப்பொருளாகக் கொள்வோர் பீக்கிங்கின் தீர்மானங்களைத் தேடுமுன், சுன்னாகத்திலும் சங்கானையிலும் எஞ்சியிருப்போரின் வாய்மொழியைப் பதிவு செய்தல் வேண்டும்.

போசரி, புனே