எந்தப் பந்து என்று யார் சொல்வது?



எந்தப் பந்தை வீசுவது என்பதைப் பிட்சரும் கேட்சருமே முடிவு செய்யப் பழக வேண்டும் என்று உங்கள் சாப்ட்பால் கட்டுரையில் எழுதியிருந்தது முழுக்கச் சரி.

டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் மாணவியர் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு இந்தக் குறை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பந்துக்கும் கேட்சர் திரும்பிப் பயிற்சியாளரின் சைகைக்குக் காத்திருக்கிறாள். வேகப்பந்துக்குத் தாமதமாக மட்டையைச் சுழற்றியவளை மிக அருகில் பார்த்தவள் அவள்தான். ஆனாலும் வெளியிலிருந்து வந்த சைகைப்படி அடுத்ததாக மெதுவான சேஞ்ச்-அப் போகிறது. தடுமாறிய பேட்டருக்கு அது வசதியாகிவிடுகிறது. கேட்சரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

கிரிக்கெட்டில் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து தோனி சுழற்பந்து வீச்சாளர்களை வழிநடத்தியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். யோசிக்கத் தெரியாதவர்கள் அல்ல.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சாப்ட்பால் மீண்டும் வருகிறது. பள்ளிப் பயிற்சியாளர்கள் இப்போதே ஒன்று செய்யலாம். பயிற்சி ஆட்டத்தின் 7 இன்னிங்ஸில் முதல் இரண்டை மாணவியரிடமே விட்டுவிடட்டும். கேட்சர் ஒரு விரல் காட்டினால் வேகப்பந்து, இரு விரல் காட்டினால் சேஞ்ச்-அப். தொடக்கத்துக்கு இது போதும். பிட்சருக்குத் தலையாட்டி மறுக்கவும் உரிமை வேண்டும். இன்னிங்ஸ் முடிந்ததும், அடி வாங்கிய பந்துக்காகத் திட்டாமல், அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று இருவரையும் உட்கார வைத்துக் கேட்கட்டும்.

– ஒரு வாசகர், டி. கல்லுப்பட்டி